தோலை அச்சடிக்கலாம், முடியை?

உயிருள்ள செல்களை அச்சடிக்கும் பயோபிரிண்டிங் பற்றிக் கேள்விகள் அனுப்புங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாதி தலைமுடியைப் பற்றியவை. மீதி, தீக்காயம் பட்டவர்களும் அவர்கள் வீட்டாரும் எழுதியவை. இரண்டையும் பிரிக்காமல் கலந்தே அடுக்கியிருக்கிறேன். காரணம் போகப் போகப் புரியும். பலர் தங்கள் உடம்பைப் பற்றி மனம்விட்டு எழுதியிருப்பதால் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கே: தோலை அச்சடிக்கிறார்களாமே, காகிதத்தில் அச்சடிக்கிற மாதிரியா? — ஈரோடு

ப: ஆரம்பித்தது அப்படித்தான். அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் போலண்ட் என்ற ஆய்வாளர், 2000-களின் தொடக்கத்தில், மேசைமேல் வைக்கிற சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரை எடுத்து, மை இருந்த கார்ட்ரிட்ஜில் உயிருள்ள செல்கள் மிதக்கும் திரவத்தை நிரப்பினார். அந்த நுண்ணிய துளை வழியே வந்து விழுந்த பிறகும் செல்கள் பிழைத்திருந்தன.

இன்று ஆய்வகங்களில் அதிகம் புழங்குவது பிழியும் வகை. அதைப் புரிந்துகொள்ள உங்கள் வீட்டு இடியாப்ப உரல் போதும். மாவுக்குப் பதில் செல்கள் கலந்த கூழ். அதற்கு பயோ இங்க் என்று பெயர். கொலாஜன், ஜெலட்டின், கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் போன்றவற்றில் செல்களைக் கலந்து தயாரிப்பார்கள். மாவு இறுகிப்போனால் பிழிய வராது, தளர்ந்துபோனால் இழை நிற்காது என்று உங்களுக்குத் தெரியும். ஆய்வகத்திலும் அதே பாடுதான். கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. கூழ் கெட்டியாக இருக்கிறதே என்று பலமாக அழுத்தினால் உள்ளே இருக்கிற செல் நசுங்கிச் செத்துவிடும். இழை நிற்கவும் வேண்டும், செல் பிழைக்கவும் வேண்டும். இந்தப் பக்குவத்தைக் கண்டுபிடிக்கத்தான் ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள்.

கே: தோல் என்பது உடம்பின் மேல் ஒரு போர்வை. இதயத்தையும் சிறுநீரகத்தையும் விட அதைச் செய்வது சுலபம்தானே? — விருதுநகர்

ப: தட்டையாக இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. ஓர் ஆளின் தோலை விரித்தால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரும். நம் உடம்பின் பெரிய உறுப்புகளில் அதுவும் ஒன்று. மேல்தோல், அடித்தோல், அதற்கும் கீழே கொழுப்புப் படலம் என்று மூன்று அடுக்கு. அவற்றுக்குள் ரத்தக் குழாய்கள், நரம்பு முனைகள், வியர்வைச் சுரப்பிகள், எண்ணெய்ச் சுரப்பிகள், நிறம் தரும் செல்கள், மயிர்க்கால்கள். சூடு, குளிர், வலி, வருடல் எல்லாம் இதன் வழியாகத்தான் நமக்குத் தெரிகிறது.

அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடிப்பது இன்று முடிகிற வேலை. அவற்றுக்குள் ரத்தம் ஓடவைப்பதுதான் கடினம். ரத்தக் குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளியிருந்தாலே செல் பட்டினி கிடக்கத் தொடங்கும். நியூயார்க் மாநிலத்தின் ரென்சிலேர் பாலிடெக்னிக் நிறுவனத்தில் பங்கஜ் கராண்டேயும், யேல் பல்கலைக்கழகத்தில் அவரோடு சேர்ந்து உழைத்தவர்களும் 2019-ல் ஒரு நல்ல சேதி சொன்னார்கள். ரத்தக் குழாய்ச் செல்களையும் சேர்த்து அச்சடித்த தோலை எலியின் மேல் ஒட்டியபோது, அந்தக் குழாய்கள் எலியின் குழாய்களோடு போய் இணைந்தன. ரத்தம் உள்ளே வந்தது. இந்தத் துறையில் நான் படித்து மகிழ்ந்த செய்திகளில் அது முக்கியமானது.

கே: பழநியில் மொட்டை போட்டு இறக்குகிற முடி இவ்வளவு இருக்கிறதே, அதிலிருந்து செல் எடுத்து முடி வளர்க்கக் கூடாதா? — ஒட்டன்சத்திரம்

ப: முடியாது. கத்தியில் விழுவது செத்த கெரட்டின் இழை. உயிர் இருப்பது தோலுக்கு அடியில், கத்தி தொடாத இடத்தில்.

கே: அப்படியானால் குழந்தைக்கு இரண்டு மூன்று தடவை மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வரும் என்பது? — மணப்பாறை

ப: வராது. வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் தடவும்போது தடிப்பாகத் தெரியும். வேண்டுதலுக்காக மொட்டை போடுங்கள், அடர்த்திக்காக வேண்டாம்.

கே: எனக்கு வயது 27. முன்தலை ஏறிக்கொண்டே போகிறது. பெண் பார்க்கப் போகவே கூச்சமாக இருக்கிறது. ஒரே ஒரு முடியை முளைக்கவைக்க விஞ்ஞானத்துக்கு ஏன் இவ்வளவு நாள்? — திருப்பூர்

ப: தம்பி, உங்கள் கூச்சத்தை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மனிதன் தன் மயிர்க்கால்கள் அத்தனையையும் தாயின் வயிற்றிலேயே பெற்றுவிடுகிறான். தலையில் மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம். பிறந்தபின் புதிதாக ஒன்றுகூட உண்டாவதில்லை. ஒவ்வொரு மயிர்க்காலும் தனித்தனிக் காலக்கணக்கு வைத்திருக்கிறது. 2 முதல் 6 ஆண்டு வளரும், சில வாரங்கள் சுருங்கும், சுமார் 3 மாதம் ஓய்வெடுக்கும், பிறகு பழைய முடியை உதிர்த்துவிட்டுப் புதியதை அனுப்பும். உங்கள் முன்தலையில் மயிர்க்கால்கள் இன்னும் இருக்கின்றன. டிஹெச்டி என்ற ஹார்மோனால் அவை சுற்றுக்குச் சுற்று சிறுத்துப்போய், கடைசியில் கண்ணுக்குத் தெரியாத பூனைமுடியை மட்டும் விடுகின்றன.

மயிர்க்காலின் அடியில், வெங்காயக் குமிழ் போன்ற பகுதிக்குள், கொஞ்சம் செல்கள் ஒரு கொத்தாக இருக்கும். டெர்மல் பாப்பிலா என்பார்கள். சுற்றியிருக்கிற தோல் செல்களுக்கு 'முடியாக மாறு' என்று ஆணை கொடுப்பது இந்தக் கொத்துதான். 1999-ல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காலின் ஜஹோடா, தன் தலையின் மயிர்க்கால்களிலிருந்து அடிப்பகுதிச் செல்களை எடுத்து, சக ஆய்வாளரும் மனைவியுமான அமாண்டா ரெனால்ட்ஸின் முன்கையில் வைக்கச் செய்தார். சில வாரங்களில் அந்த இடத்தில் முடி வந்தது. கையில் இருக்கிற பூனைமுடி அல்ல, நல்ல தடித்த முடி. ஆணையிட்டது கணவரின் செல், முடியானது மனைவியின் தோல். அவர் உடம்பு அந்தச் செல்களை வெளியே தள்ளவும் இல்லை.

அப்போதே வழுக்கைக்கு வழி பிறந்துவிட்டது என்று உலகமே நினைத்தது. அடுத்த படியில் சறுக்கியது. கொஞ்சம் செல்லை எடுத்து, கண்ணாடித் தட்டில் பல மடங்காகப் பெருக்கினால்தான் ஒரு தலைக்குப் போதும். தட்டில் பரவிப் பெருகியதும் அந்தச் செல்கள் ஆணையிடும் திறனை மறந்துவிட்டன. உருவத்தில் அதே செல்தான், முடிதான் வரவில்லை.

2013-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏஞ்சலா கிறிஸ்டியானோ குழுவும் ஜஹோடாவும் சேர்ந்து ஒரு எளிய யோசனையைச் செய்துபார்த்தார்கள். தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். செல்கள் தொங்கும் துளியின் அடியில் ஒன்றுகூடி உருண்டையாகத் திரண்டன. திரண்டதும், மறந்ததில் ஒரு பகுதி நினைவுக்கு வந்தது. 7 பேரிடமிருந்து எடுத்த செல்களில் 5 பேருடையவை புது மயிர்க்கால்களை உண்டாக்கின. எலியின் மேல் ஒட்டிய மனிதத் தோலில், அதுவும் இயல்பாக முடியே இல்லாத தோலில், அது நடந்தது.

உங்கள் 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. செல்லுக்குத் தன் வேலை நினைவில் இருக்க, சரியான செல்களோடு சரியான வடிவில் கூடியிருக்க வேண்டும். அச்சு இயந்திரத்தை முடி ஆய்வுக்குள் கொண்டுவந்தது இந்த வடிவக் கணக்குதான்.

கே: அச்சு இயந்திரம் எப்படி முடிக்குள் வந்தது? — பாளையங்கோட்டை

ப: முதலில் குழிப்பணியாரச் சட்டியாக வந்தது. கிறிஸ்டியானோ குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வில், 3டி பிரிண்டரில் ஓர் அச்சு செய்து, தோல் கூழில் மயிர்க்காலின் வடிவத்திலேயே நுண்குழிகளை உண்டாக்கினார்கள். ஒவ்வொரு குழியும் அரை மில்லிமீட்டர் அகலம். அவ்வளவு ஒடுக்கமாகவும் ஆழமாகவும் அச்சு செய்ய 3டி பிரிண்டரால்தான் முடிந்தது. அதற்குள் பாப்பிலா செல்களைப் போட்டு, மேலே தோல் செல்களை ஊற்றி, வளர்ச்சிக்கான சத்துகளைக் கொடுத்தபோது மூன்று வாரத்தில் முடி வளர ஆரம்பித்தது.

அடுத்து இடியாப்ப உரலாக வந்தது. 2023-ல் ரென்சிலேரில் கராண்டே குழு, செல் உருண்டைகள் கலந்த பயோ இங்க்கை மெல்லிய ஊசி வழியே, வளர்ந்துகொண்டிருக்கும் தோலுக்குள்ளேயே புள்ளி புள்ளியாக இறக்கியது. கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல இடைவெளி பிசகாமல் வைக்க இயந்திரத்தால் முடிந்தது. மயிர்க்காலின் அமைப்பு அங்கே உருவானது. அந்தத் தோல் இரண்டு மூன்று வாரங்களே உயிரோடு இருந்தது. முடி இழை வெளியே நீள அந்தக் காலம் போதவில்லை. ஆகவே 'முடியை அச்சடித்துவிட்டார்கள்' என்று யாராவது சொன்னால், 'மயிர்க்காலை அச்சடித்திருக்கிறார்கள்' என்று திருத்துங்கள்.

கே: அச்சே இல்லாமல் முடி வளர்த்ததாகவும் படித்தேனே? — தஞ்சாவூர்

ப: நீங்கள் படித்தது உண்மை. 2020-ல் அமெரிக்காவின் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த கார்ல் கோலர் குழு, பல வகைச் செல்லாக மாறவல்ல ஸ்டெம் செல்களை ஓர் உருண்டையாகத் திரட்டி, கருவில் தோல் உருவாகும்போது வருகிற சமிக்ஞைகளை அதே வரிசையில் கொடுத்துவந்தது. நாலைந்து மாதத்தில் அந்த உருண்டை தானாகவே தோலாகி, முடியும் விட்டது. எண்ணெய்ச் சுரப்பியும், நரம்பும், மயிர்க்கூச்செறியும்போது முடியைத் தூக்கி நிறுத்துமே அந்தக் குட்டித் தசையும்கூட அதில் இருந்தன. எலியின் முதுகில் ஒட்டியபோது பாதிக்குச் சற்று மேற்பட்டவற்றில் 2 முதல் 5 மில்லிமீட்டர் முடி வந்தது. ஜப்பானில் யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தின் ஜுன்ஜி ஃபுகுடா குழு 2022-ல் எலிக் கருவின் செல்களிலிருந்து சுமார் 3 மில்லிமீட்டர் நீள முடியைத் தட்டிலேயே வளர்த்தது.

இவை அச்சடிப்புக்குப் போட்டி என்று நான் நினைக்கவில்லை. செல்லுக்குத் தானே கட்டிக்கொள்ளத் தெரிகிறது. எந்த இடத்தில், எந்தச் சாய்வில் கட்டவேண்டும் என்று காட்ட இயந்திரம் தேவை. இரண்டும் ஒருநாள் கைகோக்கும்.

கே: என் மகனுக்கு இரட்டைச் சுழி. அச்சடித்தால் அதையும் கொண்டுவர முடியுமா? — காரைக்குடி

ப: அம்மா, ஆய்வகங்களில் தலையைப் பிய்த்துக்கொள்கிற கேள்வியை நீங்கள் கேட்டுவிட்டீர்கள். முடி செங்குத்தாக முளைப்பதில்லை. உச்சியில் சுழன்று, நெற்றியில் முன்னோக்கிச் சாய்ந்து, பிடரியில் கீழே படிந்து வளர்கிறது. ஆயிரக்கணக்கான மயிர்க்கால்களில் ஒவ்வொன்றின் சாய்வும் பக்கத்தில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். எலியின் முதுகில் இப்படியும் அப்படியுமாக முளைத்தால் ஆய்வுக் கட்டுரைக்குப் போதும். மனிதத் தலைக்குப் போதாது.

கே: இப்போது செய்கிற ஹேர் டிரான்ஸ்பிளான்ட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? — நாகர்கோவில்

ப: இப்போது செய்வது நடவு. பிடரியில் இருக்கிற நாற்றைப் பிடுங்கி முன்தலையில் நடுகிறார்கள். அந்த நாற்று ஹார்மோனுக்கு அசையாத ரகம் என்பதால் நட்ட இடத்திலும் நிலைக்கிறது. மொத்த நாற்றின் எண்ணிக்கை கூடாது. பிடரியிலும் இல்லாதவருக்கு நட ஒன்றும் இருக்காது. ஆய்வாளர்கள் இப்போது போட முயல்வது நாற்றங்கால்.

கே: ஸ்டெம் செல் ஊசி போட்டு முடி வளர்க்கிறோம் என்று ஒரு கிளினிக்கில் ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். நம்பலாமா? — வேலூர்

ப: பணத்தைக் கட்டாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட தேசிய வழிகாட்டி நெறிகளின்படி, ரத்தம் தொடர்பான சில நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல் என்பது ஆய்வு நிலையில் இருப்பது. முறையான அனுமதி பெற்ற ஆய்வில்தான் அதை மனிதர்களுக்குத் தரலாம். ஆய்வில் சேர்த்துக்கொள்பவரிடம் சிகிச்சைக்குக் கட்டணம் கேட்கக் கூடாது. கட்டணம் கேட்டாலே அது ஆய்வு அல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள். முதலில் ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். மினாக்ஸிடில், ஃபினாஸ்டரைடு என்று பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிற, பலனும் பக்க விளைவும் தெரிந்த மருந்துகள் இருக்கின்றன. உங்களுக்கு ஏற்றது எது என்று அவர் சொல்வார்.

கே: என் தங்கைக்குக் கீமோதெரபியில் முடி முழுக்கக் கொட்டிவிட்டது. அவளுக்கு இந்த அச்சு முடி உதவுமா? — புதுக்கோட்டை

ப: அவருக்கு அது தேவையே இருக்காது என்று நம்புகிறேன். கீமோ வளரும் முடியை உதிர்க்கிறது. மயிர்க்காலில் உறங்கும் ஸ்டெம் செல்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. சிகிச்சை முடிந்து சில மாதங்களில் பெரும்பாலோருக்கு முடி திரும்ப வரும். முதலில் சுருளாகவோ நிறம் மாறியோ வந்தால் கலங்கவேண்டாம் என்று தங்கையிடம் சொல்லுங்கள்.

கே: நான் எழுதுவது முடிக்காக அல்ல. ஸ்டவ் வெடித்து எனக்கு இடுப்புக்கு மேலே தீக்காயம். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். காயம் ஆறிவிட்டது, ஆனால் வெயில் காலத்தில் உயிர் போகிறது. அச்சடித்த தோலில் இந்தக் கஷ்டம் இருக்காதா? — அறந்தாங்கி

ப: சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எங்கள் சின்னம்மாவுக்கும் இதே மாதிரி அடுப்பங்கரையில்தான் நேர்ந்தது. வலது கை முழங்கைக்கு மேல் வரை. அவர் அடிக்கடி சொல்வது, ஒட்டிய கையைவிடத் தோல் எடுத்த தொடை அதிகம் வலித்தது என்பது. இருபது வருஷம் ஆகிறது. சித்திரை வெயிலில் இடது கை வேர்த்து வழியும்போது வலது கை காய்ந்த சருகுபோல இருக்கும். தினமும் இரண்டு வேளை தேங்காய் எண்ணெய் தடவாவிட்டால் தோல் வெடித்துவிடும். அந்தக் கையில் ஒரு முடிகூட இல்லை.

இதன் காரணம் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒட்டுவதற்காக எடுப்பது தோலின் மேலடுக்கைச் சீவிய மெல்லிய பட்டை. வியர்வைச் சுரப்பியின் சுருளும் மயிர்க்காலின் வேரும் அதைவிட ஆழத்தில் இருப்பதால் அவை பட்டையோடு வருவதில்லை. வியர்வை இல்லாவிட்டால் உடம்பு சூட்டை வெளியேற்ற முடியாது. எண்ணெய்ச் சுரப்பி மயிர்க்காலோடு ஒட்டிப் பிறப்பது, மயிர்க்கால் இல்லையென்றால் அதுவும் இல்லை. வெயிலில் நீங்கள் படுகிற பாடு இதனால்தான்.

இன்றைய அச்சுத் தோல் இந்தக் கஷ்டத்தை இன்னும் தீர்க்கவில்லை. தீர்க்கும் திசையில் நடக்கிறது. வட கரோலினாவின் வேக் ஃபாரஸ்ட் மீளுருவாக்க மருத்துவ நிறுவனத்தில் அந்தோணி அட்டாலா தலைமையிலான குழு 2023-ல் ஆறு வகை மனிதச் செல்களைக் கலந்து மூன்று அடுக்குத் தோலை அச்சடித்தது. மேல்தோல் செல், அடித்தோல் செல், கொழுப்புச் செல், நிறச் செல், ரத்தக் குழாய்ச் செல், மயிர்க்காலின் பாப்பிலா செல் என ஆறு. எலியின் காயத்தில் வைத்தபோது அது ரத்தக் குழாய்களோடு இணைந்து, இயல்பான தோலின் அடுக்கமைப்புக்கு நெருங்கி வந்தது. அவர்கள் பட்டியலில் வியர்வைச் சுரப்பி இல்லை. வெயில் காலத்தில் உங்களுக்கு வேண்டியது அதுதான் என்பதால் இதை மறைக்காமல் சொல்கிறேன். கோடையில் ஈரத்துணி, எண்ணெய்ப் பசை, நிழல், தண்ணீர். வெளிவேலையைக் காலை 10 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

கே: உடம்பு முழுக்க வெந்தவருக்குத் தொடையிலும் தோல் மிஞ்சாதே. அவருக்கு என்ன வழி? — சிவகாசி

ப: உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவதன் பாரம் எனக்குத் தெரியும்.

வழி திறந்தது 1975-ல். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஹோவர்ட் கிரீனும் ஜேம்ஸ் ரைன்வால்டும் மனித மேல்தோல் செல்களைத் தட்டில் பெருக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். அஞ்சல்தலை அளவு தோலை எடுத்து, சில வாரங்களில் உடம்பை மூடும் அளவுக்கு வளர்க்கலாம் என்றானது. 1983-ல் அமெரிக்காவில் இரண்டு சிறுவர்கள், அண்ணன் தம்பி, உடம்பில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் தீக்காயத்தோடு பாஸ்டனுக்கு வந்தார்கள். எடுத்து ஒட்ட இடமே இல்லை. மிஞ்சியிருந்த துளித் தோலை வளர்த்து அவர்கள் உடம்பின் பெரும்பகுதியை மூடினார்கள். இருவரும் பிழைத்தார்கள்.

2015-ல் ஜெர்மனியில், தொட்டாலே தோல் கழன்றுவிடும் மரபணு நோயால் தன் தோலில் பெரும்பகுதியை இழந்த 7 வயதுச் சிறுவனுக்கு, இத்தாலியின் மோதெனாவில் மிக்கேலே தெ லூக்கா குழு 4 சதுர சென்டிமீட்டர் தோலிலிருந்து, மரபணுவைத் திருத்திய புதுத் தோலை வளர்த்துக் கொடுத்தது. உடம்பில் 80 விழுக்காடு மூடப்பட்டது. அந்தச் சிறுவன் பிறகு பள்ளிக்குப் போனான், கால்பந்து ஆடினான். இந்த இரண்டு சாதனைக்கும் அச்சு இயந்திரம் தேவைப்படவில்லை. ஆனால் இரண்டிலும் கிடைத்தது மேல்தோல் மட்டும். முடி இல்லை, வியர்வை இல்லை. வளர்க்க எடுத்துக்கொண்ட வாரங்களும் அதிகம். தீக்காயம் பட்டவருக்கு ஒவ்வொரு நாளும் கிருமித் தொற்று வாசலில் நிற்கிறது.

அந்த வாரங்களைக் குறைக்கத்தான், தோலைத் தனியாக வளர்க்காமல் காயத்தின் மேலேயே அச்சடித்துவிடலாமா என்று முயல்கிறார்கள். வேக் ஃபாரஸ்டில், காயத்தின் மேடுபள்ளத்தை ஸ்கேன் செய்து, எந்த இடத்தில் எந்தச் செல் எவ்வளவு என்று கணக்கிட்டு நேராகத் தூவும் இயந்திரத்தை 2019-ல் எலியிலும் பன்றியிலும் சோதித்தார்கள். டொரான்டோ பல்கலைக்கழகத்தில் ஆக்செல் குந்தர் குழு செய்தது கையில் பிடிக்கிற கருவி. பார்சல் ஒட்ட டேப் ஓட்டுவார்களே, அதுபோலக் காயத்தின் மேல் ஓட்டிக்கொண்டே போனால் தோல் பட்டை பட்டையாகப் படியும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இப்ராஹிம் ஒஸ்போலாட் குழு, மனிதக் கொழுப்பிலிருந்து எடுத்த பொருளையும் ஸ்டெம் செல்லையும் எலியின் காயத்தில் அறுவை மேசையிலேயே அச்சடித்து 2024-ல் வெளியிட்டது. காயம் இரண்டு வாரத்தில் ஆறியது மட்டுமல்ல, மேல்தோல் கீழ்நோக்கி இறங்கி மயிர்க்கால் உருவாகும் முதல் அடையாளமும் தெரிந்தது. அடிக்கொழுப்பைச் சேர்த்ததால் வந்த பலன் அது.

கே: முடியே இல்லாத தோல் இருந்தால்தான் என்ன? உயிர் பிழைத்தால் போதாதா? — கும்பகோணம்

ப: பிழைப்பதற்கே மயிர்க்கால் வேண்டும், ஐயா. லேசாகச் சிராய்த்த முழங்கால் எப்படி ஆறுகிறது என்று உற்றுப் பாருங்கள். ஓரத்திலிருந்து மட்டும் தோல் வருவதில்லை. நடுவில் தீவு தீவாகப் புதுத் தோல் முளைக்கும். அந்தத் தீவுகள் பெரும்பாலும் மயிர்க்கால்களின் வாயிலிருந்து வருபவை. மயிர்க்காலின் நடுப்பகுதியில் உறங்கும் ஸ்டெம் செல்கள், மேலே காயம் என்றதும் ஏறிவந்து தோலாக மாறி இடத்தை மூடுகின்றன. பெரிய தீக்காயம் பட்டவர்களுக்குத் தலையிலிருந்தே தோலைச் சீவி எடுத்து ஒட்டுவதும் உண்டு. மயிர்க்கால் நெருக்கமாக இருப்பதால் தலை விரைவில் ஆறி, மறுபடியும் அங்கேயே எடுக்க முடியும். சீவியது மேலடுக்கை மட்டும் என்பதால் முடியும் திரும்ப வளரும்.

முடிக்காகவும் தீக்காயத்துக்காகவும் வந்த கடிதங்களை நான் பிரிக்காததன் காரணம் இதுதான். திருப்பூர்த் தம்பிக்கு வேண்டியதும் அறந்தாங்கிச் சகோதரிக்கு வேண்டியதும் ஒரே விதை.

கே: வழுக்கைக்குப் பணம் கொடுக்க உலகமே தயார். தீக்காயம் பட்டவர்கள் பெரும்பாலும் ஏழைகள். கண்டுபிடிப்பு யார் பக்கம் போகும்? — மதுரை

ப: பணம் இழுக்கும் பக்கம் போகும் அபாயம் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி இந்தியாவில் ஆண்டுதோறும் 10 லட்சம் பேருக்கு மேல் மிதமாகவோ கடுமையாகவோ தீக்காயம் அடைகிறார்கள். சமையலறையிலும் பட்டறையிலும் வெந்தவர்களே அதிகம். அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வுகளாவது முதல் பந்தியை அவர்களுக்கு விரிக்க வேண்டும். வழுக்கைத் தலைக்கு இரண்டாம் பந்தி தாராளமாக இருக்கட்டும். இதை நான் முடிவாகவே சொல்கிறேன்.

கே: அழகு சாதனக் கம்பெனிகள் ஏன் இதில் இவ்வளவு ஆர்வம் காட்டுகின்றன? — கோயம்புத்தூர்

ப: ஐரோப்பிய ஒன்றியம் 2013-க்குள் படிப்படியாகவும் இந்தியா 2014-லும் அழகு சாதனங்களை விலங்குகள் மேல் சோதிப்பதைத் தடை செய்தன. முயலின் கண்ணில் ஷாம்பு ஊற்றிப் பார்த்த காலம் போய், ஆய்வகத் தோலில் ஊற்றிப் பார்க்கவேண்டிய காலம் வந்தது. பிரான்சின் லோரேயால் 2016-ல் போர்டோ பக்கத்து நிறுவனமான பொயெடிஸோடு சேர்ந்து மயிர்க்காலை அச்சடிக்கும் ஆய்வில் இறங்கியது. அச்சுத் தோலுக்கு இன்று உறுதியான வேலை கிடைத்திருப்பது இந்தச் சோதனைச் சாலையில்தான். முயல்களுக்கு விடுதலை என்ற அளவில் எனக்கு முழு மகிழ்ச்சி.

கே: நம் ஊரில் ஏதாவது நடக்கிறதா? — சென்னை, பெரம்பூர்

ப: டெல்லி ஐஐடியில் சௌரப் கோஷ் குழு அச்சுத் தோல் மாதிரிகளில் பணியாற்றியிருக்கிறது. உங்கள் சென்னையில், அடையாறில், 1948 முதல் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தை மறந்துவிடாதீர்கள். செருப்புக்கான தோலும் உடம்பின் தோலும் தமிழில் ஒரே சொல். அறிவியலிலும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்று: கொலாஜன். தோல் பதனிடுவதற்காகக் கொலாஜனைப் படித்த அந்த நிலையம், காயத்தை மூடும் கொலாஜன் பட்டைகளையும் உருவாக்கியது. பயோ இங்க்கின் முக்கியப் பொருளும் அதே கொலாஜன்தான்.

கே: பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். இந்தத் துறைக்குப் போக என்ன படிக்க வேண்டும்? — பெரியகுளம்

ப: உயிரியலை விடாதே, இயற்பியலையும் வெறுக்காதே. உயிரி மருத்துவப் பொறியியல், உயிரித் தொழில்நுட்பம், பொருளறிவியல் எந்த வாசல் வழியாகவும் உள்ளே வரலாம். மருத்துவம் கிடைத்தால் பிளாஸ்டிக் சர்ஜரி வழியாகவும் வரலாம். வியர்வைச் சுரப்பியை யாராவது அச்சடிக்க வேண்டும், கண்ணு. அது நீயாக இருக்கலாம்.

கே: இதெல்லாம் வரும்போது வரட்டும். இன்றைக்கு வெந்து கிடப்பவருக்கு நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா? — திருச்சி

ப: முடியும். இறந்த பிறகு தோலைக் கொடுக்கலாம். கண் தானம் தெரிந்த அளவுக்குத் தோல் தானம் நம்மிடம் தெரியவில்லை.

இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். 18 வயதுக்கு மேற்பட்ட யாரும் கொடுக்கலாம், மேல் வயது வரம்பு இல்லை. ரத்தப் பிரிவு பொருந்த வேண்டியதில்லை. தொடை, கால், முதுகு ஆகிய இடங்களிலிருந்து மேலடுக்கை மட்டும் மெல்லியதாகச் சீவி எடுத்துக் கட்டுப் போட்டுவிடுவார்கள். உடம்பு சிதையாது, முகத்தைத் தொடமாட்டார்கள், சடங்குகளுக்குத் தடை இல்லை. முக்கால் மணி நேர வேலை. ஹெச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமி, தோல் புற்றுநோய் போன்றவை இருந்தவர்களிடம் எடுக்கமாட்டார்கள். எடுத்த தோலை கிளிசராலில் பதப்படுத்தி, குளிரில் வைத்தால் 5 ஆண்டு வரை கெடாது.

இன்னொருவர் தோலை உடம்பு நிரந்தரமாக ஏற்காது, சில வாரங்களில் தள்ளிவிடும். அந்தச் சில வாரங்கள்தான் வெந்தவருக்கு வேண்டியது. அதற்குள் நீர் வற்றாமல், கிருமி ஏறாமல், வலி குறைந்து, சொந்தத் தோல் எடுத்து ஒட்டும் நிலைக்கு அவர் வந்துவிடுவார்.

கோவை கங்கா மருத்துவமனையில் தோல் வங்கி இருக்கிறது. உங்களுக்குப் பக்கத்தில் எது என்று மாவட்ட அரசு மருத்துவமனையில் கேளுங்கள். எண்ணை வாங்கி வீட்டுச் சுவரில், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் எழுதி வையுங்கள். என் வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். சாவு வீட்டில் 6 மணி நேரம் மிகச் சீக்கிரம் ஓடிவிடும். அன்றைக்கு யோசிக்க நேரம் இருக்காது. இன்று இரவு சாப்பிடும்போது வீட்டாரிடம் உங்கள் விருப்பத்தைச் சொல்லிவிடுங்கள்.